விமான நிலையத்தின் தரைப்புறம்: வண்டி நிறுத்தமும் பயணியர் வசதிகளும்

(புது தில்லியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



விமானப் போக்குவரத்தைப் பற்றி நம் நாட்டில் எழுதப்படுபவற்றிலும் பேசப்படுபவற்றிலும் பெரும்பகுதி விமானத்தையும் ஓடுபாதையையும் சுற்றியே அமைந்திருக்கிறது. ஓடுபாதையின் நீளம் எவ்வளவு, எத்தனை இருக்கைகள் கொண்ட விமானம் அங்கு இறங்க முடியும், ஆண்டுக்கு எத்தனை லட்சம் பயணிகளைக் கையாளலாம் என்ற விவரங்கள் ஒவ்வொரு அறிக்கையிலும் தவறாமல் இடம் பெறுகின்றன. ஆனால் பயணி தம் வீட்டிலிருந்து புறப்பட்டு முனையத்தின் வாயிலை அடையும் வரையிலும், இறங்கிய ஊரில் முனையத்தை விட்டு வெளியேறி இருப்பிடம் சேரும் வரையிலும் அவருக்கு நேர்வது என்ன என்பது அந்த அறிக்கைகளில் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டு விடுகிறது. விமானத் துறையினர் நிலையத்தை வான்புறம், தரைப்புறம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். அந்தத் தரைப்புறத்தைப் பற்றியே, அதிலும் குறிப்பாக வண்டி நிறுத்தும் ஏற்பாடுகளைப் பற்றியும் பயணிக்குச் செய்து தரப்படும் வசதிகளைப் பற்றியும், இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன்.

வண்டி நிறுத்துவது ஒரு பெரிய பொருளா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு காரை நிறுத்துவதற்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்த ஐயம் நீங்கும். காரின் நீள அகலம் மட்டும் கணக்காகாது. அது உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் வழி வேண்டும். தில்லியின் 2021ஆம் ஆண்டுக்கான பெருந்திட்டம், திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்றும், தரைத்தளத்தில் கூரையின் கீழ் 28 சதுர மீட்டர் என்றும், நிலவறையில் 32 சதுர மீட்டர் என்றும் அளவு வகுத்தது. இரண்டு பேர் வந்து இறங்கும் ஒரு கார், ஒரு சிறு குடும்பம் வசிக்கும் அறையின் பரப்பை விட அதிகமான இடத்தை மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாற்பது பேரை ஏற்றி வரும் ஒரு பேருந்துக்குப் பதிலாக இருபது கார்கள் வருமானால் திறந்த வெளியிலேயே 460 சதுர மீட்டர் நிலம் வேண்டியிருக்கும். பேருந்தோ ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடும்.

தில்லியின் அனுபவம்

தலைநகரின் விமான நிலைய வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து ஒருமுறை பார்ப்பது பயன் தரும். தொடக்க காலத்தில் வில்லிங்டன் விமானத்தளம் என்று பெயர் பெற்றிருந்த சப்தர்ஜங் நிலையமே தில்லியின் வாயிலாக இருந்தது. நகரை ஒட்டியே அமைந்திருந்த நிலையம் அது. விமானப் பயணமும் அக்காலத்தில் மிகச் சிலருக்கே உரியது. ஆகவே வண்டி நிறுத்துவது ஒரு பிரச்சினையாகவே எழவில்லை. 1962இல் பயணியர் போக்குவரத்து பாலத்திற்கு மாறியது. 1986இல் புதிய சர்வதேச முனையம் திறக்கப்பட்டபோது பாலம் நிலையம் இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம் என்று பெயர் பெற்றது. 2006இல் நிலையத்தை நடத்தும் பொறுப்பு, இந்திய விமான நிலைய ஆணையத்தையும் பங்குதாரராகக் கொண்ட கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2010 ஜூலையில் மூன்றாம் முனையம் திறக்கப்பட்டது.

அம்முனையத்துடன் எழுந்த பல அடுக்கு வண்டி நிறுத்தகம் 4,300 கார்களுக்கானது. அடுக்கு நிறுத்தகத்தில் ஒரு காருக்கு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லாத் தளங்களையும் சேர்த்து 1,29,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 32 ஏக்கர் தளப்பரப்பு கார்களுக்காகவே கட்டப்பட்டது என்று ஆகிறது. ஒப்பிடுவதற்கு ஒன்று சொல்கிறேன். 2025 ஜூலையில் திறக்கப்பட்ட தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் முழுவதுமே 17,340 சதுர மீட்டர்தான். தில்லியில் கார்கள் நிற்கும் தளங்களுக்குள் அப்படிப்பட்ட ஏழு முனையங்கள் அடங்கும்.

2024-25ஆம் ஆண்டில் தில்லி நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகளின் தொகை ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம். இத்தனை பேரும் காரில் வந்து போவதென்றால் எத்தனை அடுக்குகள் எழுப்பினாலும் போதாது. இதனை உணர்ந்தே நகர மெட்ரோவின் விமான நிலைய விரைவுப் பாதை 2011 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. புது தில்லி ரயில் நிலையத்திலிருந்து சுமார் இருபது நிமிடங்களில் மூன்றாம் முனையத்தை அடையலாம். சென்னையிலிருந்து ரயிலில் வந்திறங்குபவர் தெருவுக்கு வராமலேயே விமானத்தைப் பிடிக்க முடியும். ஆனால் கட்டுமானக் குறைபாடுகள் காரணமாக 2012 ஜூலையில் பாதை மூடப்பட்டு 2013 ஜனவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் தனியார் நிறுவனம் விலகிக்கொள்ள, தில்லி மெட்ரோ கழகம் பொறுப்பை ஏற்றது. 2014இலும் 2015இலும் கட்டணம் பெருமளவு குறைக்கப்பட்ட பின்னரே பயணிகள் தொகை நன்றாக உயர்ந்தது. பாதை மட்டும் போதாது, கட்டணமும் சாதாரணப் பயணிக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதை விடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 2018 மே மாதத்தில் மெட்ரோவின் மற்றொரு பாதை முதலாம் முனையத்தையும் எட்டியது.

இருப்பினும் நள்ளிரவு கடந்து சில மணி நேரம் மெட்ரோ ஓடுவதில்லை. வெளிநாட்டு விமானங்கள் பல புறப்படுவதும் வந்து சேர்வதும் அந்த நேரத்தில்தான். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குச் செல்லும் ஓர் எளிய தொழிலாளி பெட்டி படுக்கைகளுடன் மாலையிலேயே வந்து வாயிலில் காத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அவர் தம் இரவை விலையாகக் கொடுக்கிறார்.

தில்லியில் மற்றொரு சிக்கலும் உண்டு. முதலாம் முனையத்திற்கும் மூன்றாம் முனையத்திற்கும் இடையே சாலை வழியாகப் பல கிலோமீட்டர் தொலைவு. எந்த விமானம் எந்த முனையத்திலிருந்து புறப்படும் என்பதும் நிலையாக இருப்பதில்லை. 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஒரு முனையம் மூடப்படுவதும் மற்றொன்று திறக்கப்படுவதுமாக இருந்தபோது விமானங்கள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. தவறான முனையத்தில் காரை நிறுத்தியவர் உள்ளே சென்று வாயிற்காவலர் சொன்ன பிறகே அதை அறிகிறார். சாலையின் பிரிவு தொடங்குவதற்கு முன்பே, விமான நிறுவனத்தின் பெயருடனும் முனையத்தின் எண்ணுடனும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் பலகை வைப்பது செலவு மிகுந்த காரியமன்று.

கட்டணம் யாருக்குப் போகிறது?

வண்டி நிறுத்தும் கட்டணத்தைப் பற்றிப் பயணிகளிடையே மனக்குறை உண்டு. மாணவர்கள் இதன் பொருளாதாரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. விமான நிலையத்தின் வருவாய் இருவகைப்படும். விமானம் இறங்குவதற்கும் நிற்பதற்கும் வசூலிக்கப்படுவதும், பயணச் சீட்டுடன் சேர்த்துப் பெறப்படும் பயனர் மேம்பாட்டுக் கட்டணமும் விமானம் சார்ந்த வருவாய். கடை வாடகை, விளம்பரம், கார் நிறுத்தம் முதலியன விமானம் சாராத வருவாய். (விமானத்தை நிறுத்தினால் அது முதல் வகை, காரை நிறுத்தினால் இரண்டாம் வகை. தேர்வில் இதைக் கேட்டால் மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.) முதல் வகைக் கட்டணங்களைப் பெரிய நிலையங்களில் விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது இந்த ஆணையம். இரண்டாம் வகையில் 30 விழுக்காட்டை முதல் வகைக் கட்டணங்களைக் குறைப்பதற்கு ஈடாகக் கொள்ள வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை. அதாவது கார் நிறுத்துபவர் செலுத்துவதில் ஒரு பங்கு, காரில்லாமல் வந்த பயணியின் சீட்டு விலையைச் சிறிதளவு குறைக்க உதவுகிறது. கோட்பாடு நியாயமானதே. மேலும், தில்லி நிலையத்தை நடத்தும் நிறுவனம் தன் மொத்த வருவாயில் 45.99 விழுக்காட்டை இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு அளிக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு ஒப்பந்தம். அந்த ஆணையமோ, பெரிய நிலையங்களிலிருந்து பெறுவதைக் கொண்டே நட்டத்தில் நடக்கும் பல சிறு நிலையங்களைத் தாங்கி வருகிறது.

ஆனால் இதில் ஒரு முரண்பாடு மறைந்திருக்கிறது. கார் நிறுத்தம் வருவாய் தரும். பேருந்து நிறுத்தம் வருவாய் தராது. மெட்ரோவில் வரும் ஒவ்வொரு பயணியும் நிலையத்தின் கணக்குப் புத்தகத்தில் நிறுத்தகத்திற்கு வராமற்போன ஒரு காராகவே பதிவாகிறார். ஆகவே நிலையத்தை நடத்துபவர் யாராயினும், அரசாயினும் தனியாராயினும், பொதுப் போக்குவரத்தில் அவருக்கு இயல்பான ஆர்வம் குறைவாகவே இருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கணக்கு அவ்வாறு அமைந்திருக்கிறது. இலவசமாக வண்டி நிறுத்த இடமளிப்பதன் மறைமுகச் செலவை எல்லோரும் சுமக்க நேர்கிறது என்று அமெரிக்கப் பேராசிரியர் டோனால்டு ஷூப் 2005இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். அவர் சொன்னது நகர வீதிகளைப் பற்றியது. விமான நிலையத்திற்கு அதை அப்படியே பொருத்தலாகாது. வேறு வழியே இல்லாத இடத்தில் விதிக்கப்படும் கட்டணம் மக்களின் பழக்கத்தை மாற்றாது, பையை மட்டுமே இளைக்கச் செய்யும். தில்லியில் குளிர்காலத்தில் காற்று மாசு ஓர் அளவைத் தாண்டும்போது, தனியார் வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக நிறுத்தக் கட்டணத்தை உயர்த்துவது செயல்திட்டத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது. பேருந்தும் மெட்ரோவும் உள்ள இடத்தில் அது பொருளுள்ள நடவடிக்கை. அவை இல்லாத ஊரில் அவ்வாறு சொல்வதற்கில்லை.

சிறு நிலையங்களின் கணக்கு வேறு

2017 ஏப்ரல் 27ஆம் நாள் சிம்லாவிலிருந்து தில்லிக்கு உடான் திட்டத்தின் முதல் விமானம் புறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்திற்கு, குறிப்பிட்ட அளவு இருக்கைகளுக்கு, 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. விமான நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய மானியம் அளிக்கப்பட்டது. அதில் மாநில அரசுகளும் பங்கேற்றன. 2019 மார்ச்சில் தில்லியை அடுத்த காஜியாபாத்தில், ஹிண்டன் விமானப்படைத் தளத்தை ஒட்டி, பயணியர் முனையம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அங்கிருந்து பித்தோராகருக்கு ஒன்பது இருக்கைகள் கொண்ட விமானம் பறந்தது. நம் பக்கத்தில் சேலத்துக்கு 2018இல் சேவை தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது.

இத்தகைய நிலையங்களின் இயல்பைத் திட்டமிடுவோர் உணர வேண்டும். தில்லியில் கூட்டம் நாள் முழுவதும் பரவியிருக்கிறது. சிறு நிலையத்தில் ஒரு விமானம் வந்து அரை மணி நேரத்தில் திரும்புகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்து, பிறகு பல மணி நேரம் வாயிலில் நாய் மட்டும் படுத்திருக்கும். ஆகவே நாளொன்றுக்கு இத்தனை பயணிகள் என்ற சராசரி இங்கு வழிகாட்டாது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானம் நிறைந்து வந்து நிறைந்து போகிறது என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 360 பயணிகள். அவர்களில் பாதிப்பேர் காரில், ஒரு காருக்கு இருவராக வந்து போனால் 90 கார்கள். திறந்த வெளியில் அரை ஏக்கர் போதும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கால் மணி நேரத்தில் வெளியேறிவிடும். உண்மையில் இடத்தைப் பிடித்துக்கொள்பவை காரை விட்டுவிட்டு ஊருக்குச் செல்பவர்களுடைய வண்டிகளே. நாளுக்கு 15 பேர் காரை விட்டு மூன்று நாள் கழித்துத் திரும்புவார்களானால் எந்நேரமும் 45 கார்கள் அசையாமல் நிற்கும். அவை வாயிலருகே நின்றால், முதியவரை இறக்கிவிட வந்தவர் இடமின்றிச் சாலையில் நிறுத்துவார். எனவே நீண்ட நேரம் நிற்கும் வண்டிகளுக்குத் தொலைவில் குறைந்த கட்டணத்திலும், சிறிது நேரம் நிற்பவற்றிற்கு அருகில் சற்றுக் கூடுதல் கட்டணத்திலும் தனித்தனி இடம் ஒதுக்குவது அவசியம். ஒரு வெள்ளைக் கோடும் இரண்டு பலகைகளுமே இதற்குத் தேவை. ஆயினும் பெரிய நிலையத்தின் படத்தைப் பார்த்து, முனையத்தின் முன்னால் ஒரே பெரிய நிறுத்தகத்தை வரைந்து, அதற்கு ஒரே குத்தகைதாரரை நியமித்துவிடும் வழக்கம் தொடர்கிறது.

இருசக்கர வண்டிகளைப் பற்றியும் ஒரு சொல். மாவட்ட நகரங்களில் மகனோ மைத்துனனோ மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவதுதான் வழக்கம். நிலைய ஊழியர்களும் அவ்வாறே வருகிறார்கள். அவ்வண்டிகளுக்கு நிழல் தரும் கொட்டகை போடுவதை ஆடம்பரம் என்று கருதலாகாது. சித்திரை வெயிலில் நாள் முழுவதும் காய்ந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பேருந்து. சேலம் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில், ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. தூத்துக்குடி நிலையம் திருநெல்வேலிச் சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. சிம்லா நிலையமும் நகரை விட்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மலைச்சரிவில் இருக்கிறது. அரசு மானியம் கொடுத்து விமானக் கட்டணத்தைக் குறைக்கிறது. பயணி அப்படிச் சேமித்த தொகையில் ஒரு பகுதியை டாக்சிக்குக் கொடுத்துவிட்டு வீடு சேர்கிறார். நாட்டில் முதல் தடவையாக விமானம் ஏறுபவர்களுக்காக வகுக்கப்பட்ட திட்டம் அவர்களைக் காருடையவர்களாகக் கற்பித்துக்கொள்ளுமானால் திட்டத்தின் நோக்கத்திற்கே அது ஊறு.

இவ்விடத்தில் அலுவலர்கள் கவனத்திற்கு ஒன்று: உடான் திட்ட ஆவணத்தில் மாநில அரசுகள் ஏற்க வேண்டிய கடமைகளாகச் சில குறிக்கப்பட்டுள்ளன. நிலம் இலவசமாக அளிப்பது, காவலும் தீயணைப்பும் தருவது, மின்சாரமும் நீரும் சலுகை விலையில் வழங்குவது ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. அவற்றோடு, சாலை, ரயில், மெட்ரோ, நீர்வழி முதலிய பல வழிகளில் சுற்றுப்புறத்துடன் நிலையத்தை இணைக்க வேண்டும் என்ற விதியும் அதே பட்டியலில் இருக்கிறது. சாலை போட்டவுடன் அக்கடமை நிறைவேறிவிட்டதாகக் கோப்பு மூடப்படுகிறது. சாலையில் எது ஓடுகிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

நிழற்கூரையின் கீழ் நிற்பவர்கள்

2024 ஜூன் 28ஆம் நாள் விடியற்காலையில் தில்லியில் பெருமழை பெய்தது. சப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் பதிவாயிற்று. ஜூன் மாதத்தில் அத்தகைய மழை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெய்ததில்லை. அம்மழையில் முதலாம் முனையத்தின் பழைய புறப்பாட்டுப் பகுதியின் முன்னிருந்த நிழற்கூரை, கீழே நின்ற கார்களின் மேல் சரிந்தது. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமடைந்தனர். முதல் நாள் ஜபல்பூர் நிலையத்தில் முன்புறக் கூரை ஒரு கார்மீது விழுந்திருந்தது. மறுநாள் ராஜ்கோட் நிலையத்தில் பயணிகளை ஏற்றி இறக்கும் பகுதியின் கூரை சரிந்தது. மூன்று நாட்களில் மூன்று நிலையங்கள், மூன்றிலும் முனையத்தின் உட்புறமன்று, வாயிற்புறமே. இதனை அடுத்து நாட்டிலுள்ள விமான நிலையங்களின் கட்டுமான உறுதியைச் சோதிக்க அரசு உத்தரவிட்டது.

விமானத்தின் ஒவ்வொரு பாகமும் எப்போது சோதிக்கப்பட்டது என்பதற்கு நாள் வாரியாகக் குறிப்பு உண்டு. ஓடுபாதையில் ஒரு சிறு கல் கிடந்தாலும் அது பதிவாகிறது. வாயிற்புறக் கூரையில் தேங்கும் மழைநீர் எந்த வழியாக வடிகிறது, அவ்வழி எப்போது அடைப்பெடுக்கப்பட்டது என்பதற்கும் அத்தகைய குறிப்பேடு வேண்டும். அக்கூரையின் கீழ் நிற்பவர்களில் பலர் பயணிகளே அல்லர். ஓட்டுநர்கள், சுமை தூக்குபவர்கள், வழியனுப்ப வந்த குடும்பத்தார். பயணிகளின் தொகையைக் கொண்டே எல்லாம் கணக்கிடப்படும் நிலையத்தில் இவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ஓட்டுநர்களின் நிலையைத் தனியே குறிப்பிட வேண்டும். அழைப்புக்காகக் காத்திருக்கும் வாடகைக் கார் ஓட்டுநர் மணிக்கணக்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கோடையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டால் எரிபொருள் செலவு, நிறுத்தினால் வேக்காடு. கழிப்பிடம், குடிநீர், படுத்து இளைப்பாற ஒரு கொட்டகை, நியாய விலையில் உணவு ஆகிய நான்கும் இருந்தால், இரவு இரண்டு மணிக்கு நம்மை ஏற்றிச் செல்பவர் தூக்கக் கலக்கமின்றி வண்டி ஓட்டுவார். அதில் பயணியின் நலனும் அடங்கியிருக்கிறது.

உள்ளே என்ன வேண்டும்?

முனையத்துக்குள் இருக்கும் வசதிகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்படுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2022 டிசம்பரில் தில்லி, பெங்களூரு, வாராணசி நிலையங்களில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் டிஜி யாத்ரா முறை தொடங்கப்பட்டது. வரிசை குறைந்தது உண்மை. கைப்பேசியைக் கையாளத் தெரியாதவருக்கும் விரும்பாதவருக்கும் பழைய வரிசை தொய்வின்றி நடக்க வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்ட உடான் யாத்ரி சிற்றுண்டியகத்தில் தேநீர் பத்து ரூபாய், குடிநீர் பத்து ரூபாய், சமோசா இருபது ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. விமான நிலையத்தில் தேநீரின் விலையைக் கேட்டுப் பின்வாங்கிய எவரும் இதை வரவேற்பார்கள். அதே வகைக் கடை ஒன்று முனையத்துக்கு வெளியே, வழியனுப்ப வந்தவர்களும் ஓட்டுநர்களும் அணுகும்படி இருப்பது இன்னும் நன்று.

மாற்றுத் திறனாளிகளுக்குரிய வசதியில் ஓரளவு முன்னேற்றம் உண்டு. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் அதற்குப் பின் வந்த கட்டட நெறிமுறைகளும் தெளிவானவை. வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள், 3.6 மீட்டர் அகலமுள்ள நிறுத்துமிடம் ஒதுக்கப்பட வேண்டும். அகலம் ஏன் என்றால், காரின் கதவை முழுதும் திறந்து சக்கர நாற்காலியை அருகில் கொண்டுவர வேண்டும். கோடு போடப்பட்டு நீல நிறச் சின்னமும் வரையப்படுகிறது. பிறகு அவ்விடத்தில் அதிகாரிகளின் வண்டி நிற்கிறது. இந்த அவையில் அதிகாரிகள் பலர் இருப்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.

தில்லிக்கே உரிய மூடுபனியை மறக்கலாகாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. குறிப்பிட்ட நேரத்திற்கு மேல் தாமதமானால் விமான நிறுவனம் பயணிக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி கூறுகிறது. வெளியே காரில் காத்திருப்பவருக்கு அப்படி எந்த விதியும் இல்லை. அவருடைய நிறுத்தக் கட்டணம் மட்டும் மணிக்கு மணி ஏறுகிறது. விமானம் எப்போது இறங்கியது என்பது நிலையத்தின் கணினியிலேயே இருக்கிறது. ஃபாஸ்டேக் முறையில் வண்டி எப்போது நுழைந்தது என்பதும் இருக்கிறது. பனிக்காலத்தில் தாமதமான நேரத்துக்குரிய கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது இன்று கணக்கியல் வகையில் கடினமான செயலன்று.

எந்த மேசையில் கோப்பு இருக்கிறது?

இவ்வளவையும் கேட்ட பின், இதையெல்லாம் யார் செய்வது என்ற கேள்வி எழும். முனையம் விமான நிலைய ஆணையத்தினுடையது. நிறுத்தகம் குத்தகைதாரரிடம். வாயிலுக்கு வெளியே உள்ள சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது. பேருந்து மாநிலப் போக்குவரத்துக் கழகத்தினுடையது. டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் உரிமம் தருவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். போக்குவரத்தை ஒழுங்கு செய்வது காவல்துறை. இந்த ஆறு மேசைகளில் ஏதேனும் ஒன்றில் கோப்பு நின்றுவிட்டால் பயணி பெட்டியுடன் சாலையோரத்தில் நிற்பார். சில நிலையங்களில் ஆட்டோ முனையம் வரை வர அனுமதியின்றி, தாய்மார்கள் குழந்தையையும் சுமையையும் தூக்கிக்கொண்டு வெளிவாயில் வரை நடப்பது இந்தப் பிரிவினையின் விளைவுதான்.

பேருந்துக் கழகத்தினர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விமானம் தாமதமானால் பேருந்து காலியாகக் காத்திருக்க வேண்டும், நட்டத்தை யார் ஏற்பது என்று கேட்கிறார்கள். தனிப் பேருந்து விட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வாகைக்குளத்தைப் போல முக்கியச் சாலையை ஒட்டிய நிலையங்களில், ஏற்கெனவே அச்சாலையில் ஓடும் பேருந்துகளில் சிலவற்றை விமான நேரத்தை ஒட்டி முனையம் வரை வந்து திரும்பச் செய்தாலே போதும். அதனால் சில நிமிடங்களும் சிறிது டீசலும் கூடுதலாகும். அச்செலவை நிறுத்தகக் குத்தகைத் தொகையிலிருந்து ஈடுசெய்ய ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம். காரில் வருபவர் செலுத்தும் பணம் பேருந்தில் வருபவருக்கு உதவுவது, முன்னர் நான் குறிப்பிட்ட 30 விழுக்காட்டுக் கோட்பாட்டின் நீட்சியே.

இதற்குப் புதிய சட்டமோ புதிய குழுவோ தேவையில்லை. ஆணையத்தின் நிலையங்களில், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரைத் தலைவராகக் கொண்டு ஆலோசனைக் குழு ஒன்று இயங்குகிறது. மாவட்ட நிர்வாகத்தையும் காவல்துறையையும் அந்த ஒரே மேசையில் காணலாம். புதிய விமானச் சேவை கோருவது, முனைய விரிவாக்கம் கோருவது என்று அதன் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் பெரிய பொருள்களால் நிறைந்திருக்கிறது. உங்களில் சிலர் நாளை மாவட்டங்களில் பொறுப்பேற்கும்போது அத்தகைய குழுவின் நிரலைத் தயாரிக்க நேரிடும். அப்போது பேருந்தின் கால அட்டவணையையும், ஓட்டுநர் கொட்டகையின் குடிநீர்க் குழாயையும், வாயிற்கூரையின் வடிகாலையும் அந்த நிரலில் தனித்தனிப் பொருள்களாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான துறையின் பெயரையும் முடிக்க வேண்டிய நாளையும் எழுதி வையுங்கள்.